ஜெசிந்தா ரீச்சர் திருத்திய பதினேழு விடைத்தாள்கள்

ஜெசிந்தா ரீச்சர் போய்விட்டார்.

காலையில் நெடுந்தீவிலிருந்து பழைய மாணவி வசந்தி போன் பண்ணிச் சொன்னாள். எண்பத்து மூன்று வயது. தேத்தண்ணி குடித்துவிட்டுச் சரிந்து படுத்தவராம்... அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசியில் ரீச்சரும் நானும் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தோம். நான் தமிழ். புதுசு, தலைக்கனம் கொஞ்சம் கூட. அவர் கணக்கு ரீச்சர், சொந்த ஊர் கடலுக்கு அந்தப் பக்கம் ஊர்காவற்றுறை.

சென்னையிலிருந்து நண்பன் ஒரு வெளிநாட்டு நாவலின் மொழிபெயர்ப்பை அனுப்பியிருந்தான். மாய யதார்த்தம்! எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அதிபரிடம் கெஞ்சி, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை வாங்கி, ஓ.எல். சோதனைக்குப் படித்த பிள்ளைகள் பதினேழு பேருக்கும் இருந்த ஒரே பிரதியை வாசித்துக் காட்டினேன்.

அதிபர் ஒரு கண்டிஷன் போட்டார். டெஸ்ட் வைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நாவல் விளங்கவில்லை என்றால் அந்தப் பாடவேளை கணக்குக்குப் போய்விடும்.

கேள்வி சிம்பிள். நிஜத்தில் நடக்க முடியாத ஐந்து சம்பவங்களை இந்த நாவலிலிருந்து எடுத்து எழுதுக.

முற்றத்துக் கல் வருஷா வருஷம் வளர்வது, செத்துப்போன மாமனார் சாப்பிட வருவது... இப்படி எழுதுவார்கள் என்று நினைத்தேன்.

ஒருவர்கூட எழுதவில்லை. காலையில் போட்ட கடிதம் பின்னேரமே கிடைக்கிறது. ரெயில் சொன்ன நேரத்துக்கு வருகிறது. ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு நாளும் டொக்டர் நிற்கிறார். இவைதான் நடக்க முடியாதவையாம்!

பதினேழு பேருக்கும் முட்டை போட்டேன்.

கல் வளர்வதை ஏன் எழுதவில்லை என்று வசந்தியிடம் கேட்டேன். "அது எங்கட ஊரில நிக்குது சேர். நீங்கள் இன்னும் போய்ப் பாக்கேல்லையே?" என்றாள்.

செத்தவர் வருவது? செத்த எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைக்கிறோமே, வரமாட்டாரென்றால் ஏன் படைக்கவேணும் என்று கடைசி வாங்கில் இருந்த பையனிடமிருந்து பதில் வந்தது.

அதிபர் கணக்கு ரீச்சரைக் கூப்பிட்டார். பாடத்திட்டம் முடிக்க நேரம் காணாது என்று இரண்டு தவணையாக நச்சரித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். என் கதை முடிந்தது என்று நினைத்தேன்.

ரீச்சர் நின்றபடியே பதினேழையும் வாசித்தார். இடையில் ஒரு தரம் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, தரவைப் பிழையாக் குடுத்திட்டு விடை பிழையெண்டு வெட்டியிருக்கிறீர். இந்தத் தீவில எது நடக்கும், எது நடக்காதெண்டு பிள்ளையள் வடிவா விளங்கித்தான் எழுதியிருக்கினம்."

பாடவேளை தமிழுக்கே இருக்கட்டும், நான் சமாளிப்பேன் என்று அதிபரிடம் சொல்லிவிட்டு, பச்சைப் பேனையால் அங்கேயே எல்லாவற்றையும் திருத்தினார். ஒருவனுக்கு மட்டும் அரை மார்க்ஸ் குறைந்தது. டொக்டரை இரண்டு தரம் எழுதியிருந்தானாம்.

நாவலையும் இரவல் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் பென்சில் கணக்கு. அந்தக் கல் வளர்கிற வேகத்துக்கு ஒன்பதாம் அத்தியாயத்திலேயே கூரையைத் தாண்டியிருக்க வேண்டும், எழுதினவருக்குப் பெருக்கல் வராது என்று குறிப்பு வேறு.

அந்த வருஷம் அவர் சனி ஞாயிறில் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டார். கேட்டால் கடல் அடிக்குது, தலை சுத்தும் என்பார். வளரும் கல்லை நம்பாத நான், குளம் மாதிரிக் கிடந்த பங்குனிக் கடலில் படகேறிக்கொண்டே அவர் சொன்னதை நம்பினேன்.

இன்றைக்கு வசந்தி சொல்லித்தான் தெரியும். ஒவ்வொரு சனிக்கிழமையும் பதினேழு பேரையும் கூப்பிட்டு வைத்துக் கணக்குப் படிப்பித்திருக்கிறார். எனக்குச் சொல்லக்கூடாது என்று பிள்ளைகளிடம் சத்தியமும் வாங்கினாராம். தெரிந்தால் நான் நாவலை நிறுத்திவிடுவேனாம்...

அந்த முறை பதினேழு பேரும் கணக்கில் பாஸ். நாவல் வாசித்துத்தான் மூளை திறந்தது என்று ஸ்டாஃப் ரூமில் நான் அடித்த புளுகு கொஞ்சமில்லை.

பக்கத்துக் கதிரையில் இருந்து, "ஓம் தம்பி, இருக்கும்" என்றார் ரீச்சர்.

போய் வாங்கோ ரீச்சர்.