கயிற்றின் மறுமுனை

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க கண்ணுகளா. கதவை யாராவது சாத்திடுங்க. இன்றைக்கு நான் சொல்லப்போவது காதில் கேட்டது இல்லை, கையில் பட்டது. என் உள்ளங்கையில் இருக்கும் இந்தத் தழும்பைப் பார்த்த பிறகும் நம்பாதவர்கள் நம்பவே வேண்டாம். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நானும் அதைத்தான் செய்தேன்.

எங்கள் கரையில் புயல் மாதங்களில் படகுகள் கடலுக்குப் போகாது. மணலில் ஏற்றி வைத்திருப்பார்கள். மறுபடி இறக்குவதற்கு முந்தின நாள் கரை முழுக்கக் கொண்டாட்டம்தான். படகுகளுக்குப் புதுச் சாயம் பூசி, காகிதக் கொடி கட்டி, பெரிய அண்டாக்களில் எல்லோருக்கும் ஒரே சமையலாகச் செய்வார்கள். பிள்ளைகளுக்கு ஓட்டப் பந்தயம் நடக்கும். கடைசியாகப் பெண்களின் கயிறு இழுக்கும் போட்டி. வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் வருஷம் பூராவும் சேர்த்து வைத்த சண்டையை அந்த ஒரு கயிற்றில் தீர்த்துக்கொள்ளும்.

நான் வடக்குத் தெருவுக்கு வாழ வந்தவள். கிழிந்த வலை தைப்பது என் வேலை. எங்கள் அணியின் கடைசி ஆள் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா. கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக் காலை ஊன்றி நின்றாள் என்றால் யாராலும் அசைக்க முடியாது. அதனால் ஊரே அவளை நங்கூரம் என்றுதான் கூப்பிடும். "நங்கூரம் இல்லாம எந்தப் படகுடா நின்னுச்சு?" என்று அவளும் மிதப்பாகக் கேட்பாள்.

அந்த வருஷம் கொண்டாட்டம் கொஞ்சம் அடங்கித்தான் இருந்தது. முந்தின மீன்பிடிப் பருவத்தின் கடைசியில், எதிர்பாராமல் வந்த புயலில் தெற்குத் தெருப் படகு ஒன்று நான்கு பேரோடு போய்விட்டது. நடுக்கடலில் அதன் இன்ஜின் நின்றுவிட, நங்கூரத்தின் புருஷன் தன் படகில் கயிறு கட்டி அதை இழுத்து வந்திருக்கிறார். பாதி வழியில் கயிறு அறுந்துவிட்டது என்று வந்து சொன்னார். அவர் எனக்கு அண்ணன் முறை. மணலில் உட்கார்ந்து அவர் தேம்பியதைப் பார்த்து, போனவர்களின் வீட்டாரே தண்ணீர் கொடுத்துத் தேற்றினார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போட்டிக் கயிற்றை எலி கடித்து வைத்திருந்தது. "எங்க கொட்டகையில ஒண்ணு கெடக்கு, இருங்க" என்று நங்கூரம் போய்க் கனத்த கயிறு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பழைய சாக்குகளுக்கு அடியில் கிடந்ததாம். நான் கையில் வாங்கினேன்.

ஈரமாக இருந்தது.

"என்னக்கா, மழையில போட்டிருந்தீங்களா?"

"மழை பெஞ்சு எவ்வளவு நாளாச்சு! உன் கை வேர்த்திருக்கும், போடி."

ஒரு முனை மட்டமாக இருந்தது. இழுத்து அறுந்த கயிறு தாடி மாதிரிப் பிரிந்து நிற்கும். இது கத்தி பட்ட முனை. கண் பார்த்தது. மனசு அதை எடுத்துக்கொள்ளவில்லை.

படகுகள் மணலை அடைத்து நின்றதால், அன்றைக்குக் கயிற்றைக் கரையிலிருந்து கடல் பக்கமாக நீட்டிப் போட்டார்கள். நாங்கள் மேட்டில் நின்றோம். தெற்குத் தெருக்காரிகள் கீழே, அலை காலை நனைக்கும் இடத்தில். மட்டமான முனை அவர்களுக்குப் பின்னால் தண்ணீரில் கிடந்தது. இந்தப் பக்கத்து நுனியை நங்கூரம் இடுப்பில் கட்டிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துக் கடலிலிருந்து மூடுபனி ஏறியது. தெற்குத் தெருவின் கடைசி ஆட்கள் தெரியவில்லை.

மீன் ஏலம் விடுகிறவர்தான் நடுவர். பழக்க தோஷத்தில் ஒலிபெருக்கியில் "ஒருதரம்… ரெண்டுதரம்…" என்று ஆரம்பித்தார். கரையே சிரித்தது.

டீசல் வாங்கப் போயிருந்த அண்ணன் அப்போதுதான் வந்தார். கயிற்றைப் பார்த்தார். கையிலிருந்த கேன் விழுந்தது.

"இதை யாரு எடுத்தது?"

"நான்தான். ஏன், தங்கச் சங்கிலியா இது, பூட்டி வைக்க?" என்றாள் நங்கூரம்.

அவர் மறுபடி வாய் திறப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். மணி ஆறே கால்.

இழுத்தோம். "வீட்டுல சோறே போடலையாடி?" என்று கீழேயிருந்து கத்தினார்கள். இன்னும் இழுத்தோம். நடுவில் கட்டியிருந்த சிவப்புத் துணி கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்தது. மறுபடி விசில். ஜெயித்துவிட்டோம்.

தெற்குத் தெருக்காரிகள் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டே மேடேறி எங்களைக் கடந்து போனார்கள். ஒருத்தி மட்டும் நின்றாள்.

"ஏய், நாங்கதான் விட்டுட்டோமே. இன்னும் யாரோட இழுக்கிறீங்க?"

கயிறு விறைப்பாகவே இருந்தது.

பனிக்குள் நேராகப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஆளே இல்லை. அலை மட்டும்… சளக்… சளக்…

பிறகு கயிறு நகர்ந்தது.

கடலை நோக்கி. ஒரு இழுப்பு… கொஞ்சம் ஓய்வு… மறுபடி ஒரு இழுப்பு. மூச்சு வாங்கி இழுக்கிற மனுஷன் மாதிரி.

அலறிக்கொண்டு எல்லோரும் கையை விட்டார்கள். நங்கூரத்தால் விட முடியாது. அவள் இடுப்பில் அல்லவா முடிச்சு! குதிகால் மணலை உழுதது.

"அவிழ்டி… அவிழ்டி…"

முடிச்சு ஈரத்தில் கல்லாகிவிட்டது. நான் ஒரு கையால் அவள் கையைப் பிடித்தேன், மறு கையால் கயிற்றைப் பிடித்தேன். தோல் உரிந்தது. ஜெயித்தவர்கள், தோற்றவர்கள், ஆண்கள், எல்லோரும் ஓடி வந்து பிடித்தார்கள்.

நிற்கவில்லை.

தண்ணீர் அவள் முழங்காலுக்கு வந்தது… இடுப்புக்கு வந்தது…

"வெட்டு!" அண்ணன் குரல். "வெட்டிடும்மா! சீக்கிரம்!"

வலைக்கத்தி எப்போதும் என் இடுப்பில் இருக்கும். எடுத்தேன். கயிற்றில் வைத்தேன்.

அப்போதுதான் கேட்டது.

பனிக்குள்ளிருந்து. கெஞ்சுகிற குரல்.

"வெட்டாதீங்க… கொஞ்சம் பொறுங்க…"

மேட்டில், அண்டாப் பக்கம், கரண்டி ஒன்று விழுந்தது. ணங்.



"வெட்டு!" அண்ணன் மறுபடி கத்தினார்.

நங்கூரம் என்னைப் பார்த்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. மெல்லத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.



"சரி…" என்றேன் பனியைப் பார்த்து. "பொறுக்கிறேன்."

கத்தியைத் தண்ணீரில் போட்டேன்.

ஒரு இழுப்பு.

இன்னொன்று.

கயிறு தொய்ந்தது.

அப்படியே எல்லோரும் மல்லாக்க விழுந்தோம். நங்கூரத்தைத் தூக்கி மணலில் கிடத்தி முடிச்சை அவிழ்த்தேன். இப்போது விரல் பட்டதும் அவிழ்ந்துவிட்டது. மூச்சு இருந்தது. தலைமாட்டில் உட்கார்ந்து அவள் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதேன்.

ஆண்கள் கயிற்றைக் கரைக்கு இழுத்தார்கள். மட்டமான முனை வந்தது. ஆனால் கயிறு அதோடு முடியவில்லை. அந்த முனையில் இன்னொரு கயிறு முடிந்திருந்தது. பாசி பிடித்து, சிப்பி ஒட்டி, பல மாதம் கடலுக்குள் கிடந்த கயிறு. அதன் முனையும் மட்டமாகத்தான் வெட்டுப்பட்டிருந்தது. இரண்டையும் யாரோ பொறுமையாகச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு வளையம். ஒரு ஆள் இடுப்பளவு. காலியாக.

அண்ணன் மணலில் மண்டியிட்டுவிட்டார்.

கரண்டியைக் கீழே போட்டவள் இறங்கி வந்தாள். போன நான்கு பேரில் மூத்தவரின் மனைவி அவள். வளையத்தை மடியில் வைத்துச் சிப்பிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். குரல் யாருடையது என்று அவளிடம் நாங்கள் கேட்கவும் இல்லை.

மறுநாள் எந்தப் படகும் இறங்கவில்லை. அன்று மாலை அண்ணன் படகின் இன்ஜின்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னோம். வரவில்லை.

"கயிறு அறுந்துபோகலைம்மா. எங்க படகும் முங்கிடும்னு பயந்து உங்க அண்ணன்தான் வெட்டினாரு. அவங்க படகுல கயிறு கட்டுற கட்டை அதுக்கு முன்னாடியே பிடுங்கிக்கிச்சு. அந்தப் பெரியவரு கயித்தைத் தன் இடுப்புல கட்டிக்கிட்டு, பலகையில காலை ஊனி நின்னாரு. மத்த மூணு பேரும் அவரைப் பிடிச்சிருந்தாங்க…"

தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வெட்டும்போது அவரு கத்தினது எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நாங்க யார்கிட்டயும் சொல்லலை. நேத்து பனிக்குள்ளேருந்து கேட்டுச்சே… அதே வார்த்தைம்மா. அதே குரல்."

அவ்வளவுதான் கண்ணுகளா. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. நங்கூரம் அதற்குப் பிறகு நெடுநாள் வாழ்ந்தாள். அவள் இடுப்பைச் சுற்றி இருந்த தடம் மட்டும் கடைசி வரைக்கும் ஆறவில்லை. தொட்டால் ஈரமாக இருக்கும்.

வீட்டுக்குப் பத்திரமாகப் போங்க. உங்கள் வீட்டில் யாராவது "கொஞ்சம் பொறு" என்று கூப்பிட்டால், அதைக் கேட்டு நிற்கிற ஒரு ஆள் பக்கத்திலேயே இருக்கட்டும். உங்கள் வாசலிலிருந்து கிளம்பினவர்கள் எல்லோரும் விளக்கு வைப்பதற்குள் திரும்பி வரட்டும். நல்லா இருங்க.