சத்தமே இல்லாமல் வந்த மாப்பிள்ளை கார்

இன்று மாலை விழுப்புரத்தில் நண்பன் சங்கருக்கு மாப்பிள்ளை அழைப்பு. இதற்கென்றே தன் காரைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி வைத்திருந்தான்.

முதல் வேகத்தடையிலேயே அடியில் ‘டக்’ என்றது. சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் உடைந்துவிட்டது. இன்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை.

“டேய், மாமனார் பாத்துடப் போறாருடா. மானம் போவுது, ஜல்தி தள்ளுங்கடா!” என்றான் மாலையும் கழுத்துமாக.

ஊர்வலம் எப்படியும் நடை வேகம்தான். இன்ஜினை அணைத்துவிட்டு, பின்னால் ஆடுவதுபோலவே நான்கு பேர் மண்டபம் வரை தள்ளினோம்.

வாசலில் மாமனார் பூரித்துப்போனார்.

“சத்தமே இல்லாம வந்துக்கினு இருந்துதே, கரண்டு வண்டிங்களா மாப்ளே? நாளைக்குப் பொண்ண ஏத்திக்கினு திண்டிவனத்துக்கு இதுலயே போயிடுங்க!”

“சரிங்க மாமா” என்று சொல்லிவிட்டான் சங்கர்.

திண்டிவனம் நாற்பது கிலோமீட்டர். தள்ளத் தெம்புள்ளவர்கள் கமெண்டில் கை தூக்கவும். ஆடத் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை.