ஏழாம் கேள்விக்கு நான் போட்ட டிக்

கடலுக்குப் போய்விட்டுக் கரையேறுகிறவருக்குக் கொஞ்ச நேரம் தரை ஆடுவது போல இருக்குமாம். அதை நோய் என்று எழுதுவதா, எழுதாமல் விடுவதா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் எல்லாம் தெரிந்தவளைப் போல ஒரு நாள் டிக் போட்டுவிட்டேன்.

படூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். உடலியலில் முதுகலை படித்தவள். மகளுக்கு இரண்டு வயது முடிந்ததும், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு நரம்பியல் ஆய்வுக் குழுவில் பகுதி நேர வேலைக்குச் சேர்ந்தேன். வெளிநாட்டுத் தூதரகங்களில் வேலை பார்த்துத் திரும்பியவர்களில் சிலருக்குக் காரணம் தெரியாத தலைச்சுற்றல், காதிரைச்சல், மறதி. ஒரு நாள் இருந்த இடத்திலேயே காதுக்குள் ஒரு சத்தமும் அழுத்தமும் வந்ததாகவும், அதற்குப் பிறகு பழைய ஆளாக ஆகவே முடியவில்லை என்றும் சொல்வார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று ஏற்கெனவே நாலு இடத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அவர்களிடம் கேள்வித்தாளை நிரப்பி வாங்குவது என் வேலை.

பயிற்சியின்போது தலைமை மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார்: “கேள்வியை இருக்கிறபடி படிங்க. விளக்கம் சொல்லாதீங்க, கேக்கவும் கேக்காதீங்க. ஆமாம்னா ஆமாம், இல்லைன்னா இல்லை. உங்க இரக்கம்கூட கணக்கைத் தப்பாக்கிடும்மா.” மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். பள்ளிக்கூடத்திலிருந்தே நான் அப்படித்தான்.

நான் முதலில் பேசியவர்களில் ஓய்வுபெற்ற தூதரக அதிகாரி ஒருவர். சத்தம் கேட்ட அன்று வெளிநாட்டில் தன் வீட்டு வாசலில் காரோடு நின்றிருந்த, இங்கிருந்தே கூட்டிப்போன ஓட்டுநருக்கும் இதே தொல்லை என்று சொல்லி, அவருடைய எண்ணைக் கொடுத்தார். ஓட்டுநரின் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம்.

மகளைக் காப்பகத்தில் விட்டுவிட்டுக் காலையிலேயே போனேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில், சுவரில் ஒரு உள்ளங்கையை ஊன்றியபடி உட்கார்ந்திருந்தார். மீன் விற்றுவிட்டு வந்த அவர் மனைவி குழாயடியில் அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“இன்னா தங்கச்சி, இவர எழுதிக்கினு போய் இன்னா பண்ணப் போறீங்க?”

“முதல்ல கேள்விதான்க்கா. பொருந்தி வந்தா ஸ்கேன், காது டெஸ்ட் எல்லாம் டாக்டருங்க பாப்பாங்க. முடிவை எழுதியும் குடுப்பாங்க.”

ஓட்டுநர் நிமிர்ந்தார். “பேப்பர்ல எழுதித் தருவாங்களா?”

“தருவாங்கண்ணா.”

“எனுக்கு மருந்துகூட வோணாம்மா. இது வியாதி, இவன் குடிக்கல, அப்டின்னு ஒரு பேப்பர் குடுத்தாப் போதும்.”

வெளிநாட்டிலிருந்து வந்த நாள்முதல் அவர் நடை தள்ளாடுகிறது. சீமைச் சரக்குக்குப் பழகிவிட்டான் என்று குப்பமே பேசுகிறது. சொந்த அண்ணனே படகில் ஏற்றுவதில்லை. ஓட்டுநர் வேலைக்கு இரண்டு இடத்தில் போனபோதும், வாயை ஊதிக் காட்டச் சொல்லித் திருப்பி அனுப்பினார்களாம்.

“அதிகாரி வூட்டு காரு ஓட்டனவரு. இப்ப பாரு, வண்டில என் பின்னால குந்திகினு இடுப்பப் புடிச்சிகினு வராரு,” என்றார் மனைவி.

“நீ ஓட்டற ஓட்டுக்கு நல்லா கீறவனுக்கே தல சுத்தும்டி.”

மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடுதான் ஏழாம் கேள்விக்கு வந்தேன். “வெளிநாடு செல்வதற்கு முன் எப்போதாவது நிலம் அசைவது போன்ற உணர்வு உங்களுக்கு ஏற்பட்டதுண்டா?”

“இன்னாம்மா கேள்வி இது! இருவத்தஞ்சு வயசு வரிக்கும் கடலுக்குப் போனவன் நானு. போட்டுலருந்து எறங்கினா தரை ஆடாதா? எங்க ஆளுங்க அல்லாருக்குந்தான் ஆடும். ஒரு டீ குடிக்கறதுக்குள்ள நின்னுடும். இது அது இல்லம்மா. இது ரெண்டு வருசமா நிக்கவேயில்ல.”

பேனாவைப் பிடித்தபடியே இருந்தேன். தாளில் ‘ஆமாம்’ ஒரு கட்டம், ‘இல்லை’ ஒரு கட்டம். அடியில் ‘குறிப்பு’ என்று இரண்டு கோடு காலியாக இருந்தது. அப்போது காப்பகத்திலிருந்து போன். மகளுக்குக் காய்ச்சல், உடனே வரவேண்டுமாம். ‘ஆமாம்’ கட்டத்தில் டிக் போட்டேன். மீதிக் கேள்விகளை வேகமாக முடித்துக்கொண்டு கிளம்பினேன். அந்த இரண்டு கோடும் காலியாகவே போயின.

காய்ச்சலைக் காரணம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் போன் வராமலிருந்தாலும் நான் எழுதியிருப்பேனா என்று எனக்கே சந்தேகம்தான்.

மூன்று வாரம் கழித்து அவர் மனைவி கூப்பிட்டார். குழுவிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, ஆங்கிலத்தில். இதே தொல்லை முன்பே இருந்ததால் ஆய்வில் சேர்த்துக்கொள்ள முடியாது என்ற இரண்டு வரிக் கடிதம். அப்படிக் கடிதம் போகும் என்பது எனக்குத் தெரியும். ஏழாம் கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால் பெயர் தானாகவே பட்டியலிலிருந்து நீங்கிவிடும்.

“முன்னாடியே இருந்துச்சாம்னு இவங்க அண்ணாத்த படிச்சி சொன்னாரு தங்கச்சி. மீன் ஏலம் போடற எடத்துல அல்லாரும் சிரிக்கிறானுங்க. அப்பவே ஊத்திகினுதான் இருந்தியாடான்னு கேக்கிறானுங்க. பேப்பரு பேப்பருன்னாரு. வந்துச்சி பாரு பேப்பரு.”

“ரூல் அப்படிக்கா,” என்றேன்.

டிக் போட்டது நான்தான் என்று சொல்லவில்லை. அவர் திட்டவும் இல்லை. “கொயந்தைக்கு ஜொரம் வுட்டுச்சா?” என்று கேட்டுவிட்டு வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

போன வாரம் ஒரு மாலை, என் மகள் கூடத்தில் கையை விரித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிச் சுற்றிப் பொத்தென்று உட்கார்ந்து, “அம்மா, தரை ஆடுது!” என்று கத்திச் சிரித்தாள். நானும் சிரிக்கப் போனேன், முடியவில்லை. நாளைக்கு இவளிடம் யாராவது ஏழாம் கேள்வியைக் கேட்டால் என்ன டிக் போடுவார்கள்?

அப்போதுதான் அந்த அதிகாரியின் ஞாபகம் வந்தது. மறுநாள் அவர் தாளை எடுத்துப் பார்த்தேன். ஏழாம் கேள்விக்கு ‘இல்லை’. போனில் பேச்சோடு பேச்சாக, ஒருமுறை குடும்பத்தோடு உல்லாசக் கப்பலில் பத்து நாள் போய்வந்ததைச் சொல்லியிருந்தார். கரையிறங்கியபோது அவருக்குத் தரை ஆடியதா என்று நான் கேட்கவில்லை. விளக்கம் கேட்கக் கூடாதே. அவருக்கு ஸ்கேன் முடிந்துவிட்டது. ‘காரணம் அறியப்படாத நரம்புக் கோளாறு’ என்று கடிதமும் கொடுத்துவிட்டார்கள். சத்தம் வந்த அன்று ஒரே வீட்டில் இருந்த இரண்டு பேரில் ஒருவர் நோயாளி, இன்னொருவர் குடிகாரர்.

மருத்துவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிவைத்திருக்கிறேன். ‘தவறு’ என்று எழுதி, ‘விடுபட்டது’ என்று மாற்றி, மறுபடி ‘தவறு’ என்று மாற்றி, இன்னும் அனுப்பவில்லை. அனுப்பினால் நான் நிரப்பிய தாள்கள் எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள். வேலை போனாலும் போகும். அதைவிடப் பெரிய பயம் வேறு. ஒருவேளை மருத்துவர், “சரியாத்தான் போட்டிருக்கீங்க, முன்னாடி ஆடினது ஆடினதுதான்” என்று சொல்லிவிட்டால்? அதற்குள் நான் குப்பத்துக்குப் போய் ஆசை காட்டியிருந்தால், அந்த மனிதர் இரண்டாம் முறையும் தலைகுனிய வேண்டும். மருத்துவர் பதில் தரட்டும் என்று காத்திருந்தாலோ, ஒவ்வொரு நாளும் ஏலத்தில் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இந்த மாதக் கடைசியோடு பெயர் சேர்ப்பதை நிறுத்துகிறார்கள்.

இதைப் படிப்பவர்களில் மருத்துவர்கள் இருப்பீர்கள். கடலுக்குப் போகிற வீட்டில் பிறந்தவர்களும் இருப்பீர்கள். அந்தக் கட்டத்தில் நீங்களாக இருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? நான் முதலில் மருத்துவரிடம் போகட்டுமா, குப்பத்துக்குப் போய், “டிக் போட்டது நான்தான்ண்ணா” என்று சொல்லட்டுமா? மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. தயவுசெய்து அதற்குள் சொல்லுங்கள்.