ஒரே ஆணியில் இரண்டு அட்டைகள்

முதல் அடி என்னுடையது. முட்டை வேன் ஓட்டிவந்த அந்த மனிதர் எங்கள் தறிப்பட்டறை வாசலில் இறங்கி, "நாமக்கல் அக்கா அனுப்புனாங்க, சேலை மூட்டை வாங்கியாரச் சொன்னாங்க" என்று சிரித்தபடி சொன்னார். பளாரென்று அறைந்தேன். அவருடைய மூக்குக்கண்ணாடி பறந்துபோய்ச் சாக்கடையில் விழுந்தது.

அதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் மூன்று முறை ஏமாந்திருந்தேன். சேலம் பக்கத்து இளம்பிள்ளையில் எங்களைப் போன்றவர்கள் ஆன்லைனில் சேலை விற்கிற விதம் அப்படி. காலையில் போனை ஸ்டாண்டில் நிறுத்திவைத்து லைவ் போட்டு, ஒவ்வொன்றாக விரிப்பேன். ஒரு நிறத்தில் ஒரே சேலைதான். பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டை யார் முதலில் அனுப்புகிறார்களோ அவர்களுக்கு அது. படம் வந்தால் பணம் வந்த மாதிரி. அந்தப் படத்தை எவனும் இரண்டு நிமிடத்தில் செய்துவிடலாம் என்பது இன்ஜினியரிங் படித்த எனக்குத் தெரியும். தெரிந்தும் பார்சல் கட்டினேன். கேள்வி கேட்டால் ஆட்கள் பக்கத்துக் கடை லைவுக்கு ஓடிவிடுவார்களே!

மூன்றாவது முறை அப்பா சொல்லிவிட்டார். "இன்னொருக்கா இப்பிடி ஆச்சுன்னா போனத் தூக்கி வச்சுட்டுத் தறி ஓட்டு சாமி. பழையபடி யாவாரிக்கே சேலையப் போட்டுக்கறேன்."

அந்தச் சமயத்தில்தான் நாமக்கல் அக்கா ஒருவர் மகள் கல்யாணத்துக்கென்று பன்னிரண்டு சேலை எடுத்தார். ஸ்கிரீன்ஷாட் வந்தது. என் கணக்கைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுபடி பார்த்தேன். இல்லை. அவரிடமே கேட்டிருக்கலாம். கேட்காமல், "மூட்டை ரெடிங்க அக்கா, ஆளை அனுப்புங்க" என்று எழுதிவிட்டு, பெரியப்பா மகனான அண்ணனை வரச்சொன்னேன். இந்த முறை ஒருவனையாவது கையில் பிடிக்க வேண்டும் என்ற வெறி.

அறை விழுந்ததும் அண்ணன் அவரைச் சட்டையோடு இழுத்துத் தரையில் தள்ளினான்.

"அண்ணா, நான் முட்டை எறக்க வந்தவனுங்க! அந்தக்கா ஊடு எங்க தெருங்க! போனப் போட்டுக் கேளுங்க!"

"மாட்டுனவன் அத்தனை பேரும் இதத்தான்டா சொல்றான்" என்று அண்ணன் வயிற்றில் உதைத்தான். நான் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, ஸ்கிரீன்ஷாட்டை முகத்துக்கு நேரே நீட்டி, "இத எவன்டா செஞ்சு குடுத்தான்?" என்று கத்தினேன். உதட்டு ரத்தம் என் போன் திரையில் தெறித்தது. தெருவில் போனவர்கள் என்ன ஏதென்று கேட்காமலே ஆளுக்கொரு உதை போட்டார்கள். அவர் திமிறிக்கொண்டு வேனை நோக்கி ஓடினார். அண்ணன் முட்டை அட்டைகளை இழுத்துச் சரித்தான். கொழகொழவென்று வழிந்ததில் வழுக்கி அவர் மல்லாந்து விழுந்தார். தறியில் நூலைக் கொண்டு குறுக்கே ஓடும் நாடாக் கட்டையின் இரண்டு முனையிலும் இரும்பு மூக்கு இருக்கும். அதைக் கையில் வைத்திருந்த அண்ணன் அவருடைய வலது மணிக்கட்டில் ஓங்கி அடித்தான். எலும்பு உடைந்தது தறிச் சத்தத்திலும் எனக்குக் கேட்டது. எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

"நிறுத்துங்கடா பாவிகளா!" அம்மா கையில் போனோடு ஓடிவந்தார். "பணம் காலையிலயே வந்து கெடக்குதுடா! என் போனுக்கு வந்துருக்குது!"

வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சேலை விற்க அம்மாவிடம் ஒரு க்யூஆர் அட்டை உண்டு. எனக்கும் ஒன்று. இரண்டும் ஒரே ஆணியில் தொங்கும். அன்றைக்கு லைவில் நான் எடுத்துக் காட்டியது அம்மாவுடையது.

அவருடைய வேனை நானே ஓட்டி சேலம் அஸ்தம்பட்டியில் எலும்பு டாக்டரிடம் கொண்டுபோனேன். வண்டி முழுக்க முட்டை நாற்றம். மன்னிப்புக் கேட்டேன். அவர் பல்லைக் கடித்தபடி, "போலீஸுக்குப் போனா வண்டிய ஸ்டேஷன்ல நிறுத்திருவாங்க. எம் பொழப்பு போயிரும். கட்டுப் பிரிக்கட்டும், வாரேன்" என்றார். மூட்டையை அன்றே நாமக்கல்லில் கொடுத்தேன். அக்கா வாங்கிக்கொண்டு முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்.

இரண்டு அட்டைகளையும் வெட்டி எறிந்தேன். சேலைகளுக்கென்று தனிப் பக்கம் திறந்து, பணம் கட்டும் லிங்க் வைத்தேன். பணம் வந்து சேர்ந்தால்தான் ஆர்டர் பதிவாகும். கட்டியவருக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் தகவல் வரும். படமும் வேண்டாம், சந்தேகமும் வேண்டாம். முன்பின் தெரியாத ஊர்க்காரர்கள் தைரியமாக வாங்கினார்கள். விற்பனை ஏற ஏற, அப்பா இன்னொரு தறி போட்டார். நானோ வேன் சத்தம் கேட்டாலே எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்ப்பேன்.

கட்டுப் பிரித்து அவர் வந்தார். நேராக என் முன்னால் வந்து நின்று, அந்த வலது கையாலேயே அறைந்தார். காது குப்பென்று அடைத்தது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அண்ணன் பாய்ந்தான். அப்பா அவன் தோளை அமுக்கி, "நில்லுடா" என்றார். வலி எனக்கா அவருக்கா என்று தெரியவில்லை. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் குனிந்தே நின்றார்.

பிறகு நிமிர்ந்து, "எம் பொண்டாட்டிக்கு ஒரு சேலை காட்டு" என்றார்.

சும்மாவே தருகிறேன் என்றேன்.

"ஓசிச் சேலைக்கா ஒத வாங்குனேன்? இப்ப ஏதோ லிங்க் வச்சிருக்கியாமே, அத அனுப்பு."

இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிக் கட்டினார். என் போன் சிணுங்கியது. சேலையை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை.

"நல்லாப் பாத்துச் சொல்லு, வந்துருச்சா? எதுக்கும் உங்கம்மா போனையும் ஒருக்காப் பாத்துரு."