ஒரே நம்பர்க்காரர்

சர்க்கரை மாத்திரைக்காக மாதாமாதம் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவேன். அங்கே வருகிற ஒருவரைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புளியங்குடி எலுமிச்சை மண்டியில் மூட்டை தூக்குபவர். குள்ளமான உடம்பு, தோளில் காய்ப்பு. பதிவு ஜன்னலில் போன் நம்பரை வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் உரக்கச் சொல்வார். உள்ளே போனதும் டாக்டரம்மா, “கால் புண் ஆறிட்டா அண்ணாச்சி?” என்பார். என்னிடம் மட்டும் ஒவ்வொரு முறையும், “எத்தனை வருஷமா சுகர்?” முப்பது வருஷம் ஆபீஸில் ஃபைல் பார்த்துப் பென்ஷன் வாங்குகிற என்னிடம்!

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். “டாக்டரம்மா உங்களுக்குச் சொந்தமா?”

“நீங்க ஒண்ணு சார். நம்பரப் போட்டா கம்ப்யூட்டர்ல என் கதை பூரா வருதுல்லா, அதப் பாத்துக் கேக்குதாவ. எங்கிட்ட ஏது போனு? பக்கத்து வீட்டு நம்பரு. மாத்தாம அதையே சொல்லுதேன். நீங்க எந்த நம்பர் குடுப்பிய?”

ஒரு மாதம் என் நம்பர், ஒரு மாதம் மகன் நம்பர், இன்றைக்கு மருமகள் நம்பர். அந்தக் கம்ப்யூட்டரில் நான் மூன்று ஆட்கள்.

“ஒரே நம்பர்தான்” என்று பொய் சொன்னேன். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“எத்தனை வருஷமா சுகர்?”