ஒட்டிவிட்டு நகரும் கை

பரீட்சைக்குப் படிப்பது எப்படி என்று சொல்லித்தர எங்கள் கல்லூரிக்கு ஒருவரை அழைத்து வந்திருந்தார்கள். நல்ல மனிதர்தான், இஸ்திரி கலையாத சட்டை. எட்டு மணி நேரம் தூங்குங்கள், சத்தமில்லாத இடத்தில் உட்காருங்கள், முக்கியமான வரிகளைக் குறித்து வையுங்கள் என்றார். எனக்குக் கொட்டாவி வந்தது. மதியம் வரை கல்லூரி, அதன் பிறகு பனியன் கம்பெனியில் செக்கிங், வேலை விட்டதும் பல்லடம் பஸ். இதற்கு நடுவில் சத்தமில்லாத இடம் என்று ஒன்று கிடைத்தால் அங்கே நான் எதற்குப் படிக்கப் போகிறேன், தூங்கத்தான் செய்வேன்.

குறித்து வைக்கும் வேலையை மட்டும் அவர் சொல்வதற்கு முன்பே செய்துகொண்டிருந்தேன். செக்கிங் டேபிளில் எங்களுக்குச் சிவப்பு அம்பு போட்ட ஸ்டிக்கர் கொடுப்பார்கள். பீஸை விரித்துப் பார்த்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தைக் காட்டி ஒரு அம்பு ஒட்ட வேண்டும். ஒட்டிய பீஸ் பெட்டிக்குள் போகும், ஒட்டாதது அயர்னுக்குப் போகும். கை நிற்கக் கூடாது. வீட்டுக்கு வந்து பார்த்தால் துப்பட்டாவில் நாலைந்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை எடுத்துப் புத்தகத்தில் புரியாத இடங்களில் ஒட்டினேன்.

செலவுக் கணக்கியல் புத்தகம் முழுக்க அம்புதான். அந்த ஒரு பேப்பர் எனக்கு அரியர். எழுதினேன், போனது. மறுபடி எழுதினேன், மறுபடியும் போனது. தறி ஓட்டும் அப்பா அதற்காக என்னைத் திட்டவில்லை. சாப்பிட்டுக் கை கழுவி வந்து, "கண்ணு, இந்த வாட்டியும் போச்சுன்னா உட்ரு. பேசாம முழு ஷிப்ட்டுக்குப் போயிரு சாமி" என்றார். அவருக்கும் களைப்பு, எனக்கும் களைப்பு. ஆனால் கடைசி வருடத்தின் வாசல் வரை வந்துவிட்டு நின்றுபோக மனம் வரவில்லை.

இரண்டாவது தடவை எழுதியபோது நடந்ததுதான் என்னை அதிகம் வதைத்தது. கேள்வித்தாளைப் பார்த்ததும் புத்தகத்தின் அந்தப் பக்கம் அப்படியே கண்முன் வந்தது. வலது பக்கம், அடியில், அம்பு கொஞ்சம் சாய்ந்து ஒட்டியிருக்கும். அம்பு காட்டிய இடத்தில் என்ன எழுதியிருந்தது என்பது மட்டும் வரவில்லை. வெளியே வந்து என் மூளையைத் திட்டினேன். பிறகு பஸ்ஸைத் திட்டினேன், கம்பெனியைத் திட்டினேன். உட்கார்ந்து படித்த பொழுதெல்லாம் எங்கே போயிற்று என்று விளங்கவே இல்லை.

எங்கள் டேபிளுக்கு எதிரே ஆல்டர் மிஷினில் ஒரு அக்கா இருந்தார். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். நாங்கள் அம்பு ஒட்டிய பீஸெல்லாம் அவரிடம்தான் போகும். பிரித்துத் திரும்பத் தைப்பது அவர் வேலை. ஒரு நாள் ஷிப்மென்ட் அவசரத்தில் அவருடைய பெட்டி வழிந்து பீஸெல்லாம் தரையில் கிடந்தது. நான் இன்னும் ஒரு கட்டுப் பீஸைக் கொண்டுபோய் வைத்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, நீ பாட்டுக்கு ஒட்டிட்டு அடுத்த பீஸுக்குப் போயிருதே. ஒட்டுனா அது சரியாயிருமா? இங்கன கெடந்து பிரிச்சுத் தைக்கது யாரு?"

எனக்கும் சுருக்கென்று வந்துவிட்டது. "அது உங்க வேலைதானுங்களே அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வரும்போதுதான் உறைத்தது. கம்பெனியில் நான் ஒட்டுவதைச் சரிசெய்ய ஒரு அக்கா இருக்கிறார். என் புத்தகத்தில் ஒட்டியதைச் சரிசெய்ய யார் இருக்கிறார்கள்? ஒட்டியாயிற்று, அடுத்தது என்று பழகிய கை, புத்தகத்திலும் அதையேதான் செய்திருக்கிறது. புரியாத இடத்தை அடையாளம் காட்டிவிட்டு, ஏதோ படித்து முடித்தவளைப் போல நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். அழுகை வந்தது. அந்தக் கூட்டத்தில் கண்ணைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை.

மறுநாள் அக்காவுக்கு ஒரு டீ வாங்கி வைத்தேன். அவர் எதற்கென்று கேட்காமல் குடித்தார்.

அதன் பிறகு புதிதாக எந்த அம்பும் ஒட்டவில்லை. ஒட்டியதைப் பிரிக்க ஆரம்பித்தேன். மடித்த பனியனுக்குள் வைக்கிற அட்டையில் முனை மடங்கியதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். சூப்பர்வைசரிடம் கேட்டு அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன். அம்பு ஒட்டிய பக்கத்தைப் படிப்பேன், புத்தகத்தை மூடுவேன், புரிந்ததை என் பேச்சில் அட்டையில் எழுதுவேன். எழுத வந்தால்தான் ஸ்டிக்கரை உரிப்பது. வராவிட்டால் திரும்பவும் படிப்பு. கட்டிங்கில் விழும் துண்டுத் துணி எப்படியும் விழத்தான் செய்யும், அதைத்தான் புத்தகம் சாதாரண நட்டம் என்கிறது. யாரோ எண்ணெயைக் கொட்டி ஒரு ரோல் துணி வீணானால் அது அசாதாரண நட்டம். தினமும் என் கண்ணெதிரே நடக்கிற இதைத்தான் அத்தனை நாளாகப் புரியாதென்று ஒட்டி வைத்திருந்தேன். என் மேலேயே எரிச்சலாக வந்தது.

அட்டையின் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில். பஸ்ஸில் புத்தகத்தை விரிக்க முடியாது, அட்டையைப் பிடிக்க ஒரு கை போதும். கேள்வியைப் பார்த்துவிட்டு, டிரைவர் போடும் பாட்டுக்கு நடுவே பதிலை மனதில் ஓட்டுவேன். பாதி நாள் நின்றபடியே கண் சொருகிவிடும், அட்டை கீழே விழும். யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். இது ஒன்றும் உற்சாகமான படிப்பு இல்லை. ஒட்டுவதைவிட உரிப்பதற்கு நாலு மடங்கு நேரம் பிடித்தது. சில அம்புகளை உரிக்கத் தெம்பில்லாமல் அப்படியே விட்டுவிட்டுத்தான் பரீட்சைக்குப் போனேன்.

விட்டுப்போன இடத்திலிருந்தும் ஒரு கேள்வி வந்தது. அதை விட்டுவிட்டேன். மற்றதை எழுதினேன். இந்த முறை அம்பு எதுவும் கண்முன் வரவில்லை, அட்டையில் எழுதிய என் கையெழுத்துதான் வந்தது.

ரிசல்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அப்பாவுக்குத் தறி லீவு, சாப்பிட்டுவிட்டுத் தரையில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். தறிச் சத்தத்தில் அவருக்குக் காது மந்தம். நல்ல சேதியையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். "பாஸாயிட்டனுங்கப்பா" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். எழுந்து உட்காரவில்லை. "வர்ற வாரத்துலிருந்து ஞாயித்துக்கெழமையும் தறிக்கு வர்றேன்னு ஓனர்கிட்டச் சொல்லிப்போட்டேன் கண்ணு. கடைசி வருசத்துக்குக் காலேஜ் பீஸ் கட்டோணுமல்லொ" என்றார்.

எப்போது சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"போன வாரமே சொல்லிப்போட்டேன்."

போன வாரம் ரிசல்ட் வந்திருக்கவில்லை. முழு ஷிப்ட்டுக்குப் போ என்று சொன்ன மனிதர், நான் பாஸாவேனா என்று எனக்கே தெரியாதபோது, தனக்கிருந்த ஒரே லீவு நாளையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். பாஸானபோது வராத அழுகை அப்போது வந்தது. ஏனுங்கப்பா என்று ஆரம்பித்தேன். அவர் அதற்குள் தூங்கியிருந்தார்.