நூலில் சிக்கிய மயில்

நான் காஞ்சிபுரத்தில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. சிலந்தி வலையில் மாட்டிய பட்டாம்பூச்சியைப் பற்றிய படக்கதை ஒன்றை அன்று வாசித்துக் காட்டினேன். அதோடு நிற்பேனா! வகுப்பின் குறுக்கே நூல் கட்டி, காகிதப் பட்டாம்பூச்சிகளை மாட்டி, கத்தரிக்கோலால் வெட்டி விடுவிக்கச் சொன்னேன். ஒரே கும்மாளம்.

மறுநாள் காலை என் வகுப்பு யாழினியை அவள் அம்மா இழுத்துக்கொண்டு வந்தார்.

"இன்னா மிஸ் சொல்லிக் குடுத்தீங்க? கத்திரிக்கோல எடுத்துக்கினு தறியாண்ட நிக்கிறா! அவங்கப்பா பாய்ஞ்சு கையப் புடிக்கலன்னா பாவு மொத்தமும் போயிருக்கும்!"

தறியில் இழுத்துக் கட்டியிருக்கும் பட்டு நூல்தான் பாவு. அது அறுந்தால் பாதி நெய்த கல்யாணப் புடவையே வீண்.

யாழினி தேம்பினாள். "மயிலு பாதி உடம்போட நூல்ல மாட்டிக்கினு இருக்குது மிஸ். நீங்கதான வெட்டி விடச் சொன்னீங்க?"

அவள் அப்பா புடவை பார்டரில் பாதி நெய்திருந்த மயில்! வீட்டுக்கு வீடு தறி ஓடும் ஊரில் நூலை வெட்டப் பழக்கியிருக்கிறேனே!

நல்லவேளை, சில இழைகள்தான் அறுந்தன. அவள் அப்பாவே முடிச்சுப் போட்டுச் சேர்த்துவிட்டார்.

இப்போது என் வகுப்பில் பட்டாம்பூச்சியை விரலால் முடிச்சவிழ்த்துத்தான் விடுவிக்கிறோம். அதோடு, "வீட்டுக்குப் போயி இத எதுல செஞ்சு பாக்கப் போறீங்க?" என்று கேட்காமல் எந்தக் கதையையும் நான் முடிப்பதில்லை.